சிவாஜியின் பிறந்தநாளில் செஞ்சியின் பங்கு

மராட்டிய அரசை நிறுவிய சிவாஜியின் பிறந்தநாளை மகாராஷ்டிர அரசு பிப்ரவரி 19 அன்று கொண்டாடுகிறது. அவர் பிறந்த சிவநேரியிலும், 1674இல் முடிசூடிய ராய்கட்டிலும் அன்று கூட்டம் அலைமோதும். ஆனால் ஓர் அரசை நிறுவியவரின் திறமையை, அவர் கண்மூடிய பிறகு அது என்ன ஆனது என்பதை வைத்துத்தான் எடைபோட வேண்டும். அப்படிப் பார்த்தால் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியைத் தவிர்க்கவே முடியாது. 1677இல் பீஜப்பூர் வசமிருந்த இக்கோட்டையைப் பிடித்த சிவாஜி, திறை வாங்கிக்கொண்டு திரும்பிவிடவில்லை. புது மதில் எழுப்பினார், அகழி வெட்டினார். அந்த வேலையின் நேர்த்தியை அக்காலத்து ஏசுசபைப் பாதிரியார் ஒருவரே வியந்து எழுதியிருக்கிறார். தலைநகரிலிருந்து இத்தனை தொலைவில் எதற்கு இவ்வளவு உழைப்பு? 1680இல் சிவாஜி மறைந்தார். 1689இல் மூத்த மகன் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றார், ராய்கட்டும் வீழ்ந்தது. தப்பிய இளைய மகன் ராஜாராமுக்கு அடைக்கலம் தந்தது செஞ்சிதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி ஆகிய மூன்று குன்றுகளையும் வளைத்த மதிலுக்கு வெளியே சுல்பிகர் கானின் முகலாயப் படை 1690 முதல் 1698 வரை காத்துக் கிடந்தது. கோட்டை விழுமுன் ராஜாராம் மீண்டும் தப்பினார், அரசும் பிழைத்தது.

படையெடுத்து வந்தவருக்கு இங்கே என்ன விழா என்று கேட்பவர்கள் உண்டு. 2025இல் யுனெஸ்கோ 12 மராட்டியக் கோட்டைகளை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே இடம்பெற்றது செஞ்சி மட்டுமே. முதலில் கோட்டை கட்டியதாகச் சொல்லப்படும் ஆனந்தக்கோன், அதை விரிவாக்கிய நாயக்கர்கள், 1714இல் ஆற்காட்டு நவாபை எதிர்த்து மாண்ட தேசிங்கு ஆகியோரெல்லாம் மராட்டியப் பெயருக்குள் மறைந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. அவர்களையும் உரக்கச் சொல்லுவோம். அதற்காகச் சிவாஜி எழுப்பிய மதிலைச் சொல்லாமல் விட வேண்டியதில்லை.

அந்த அரசு பிழைக்க இந்த மண் கொடுத்த விலையையும் பிறந்தநாள் மேடையில் பேச வேண்டும். முற்றுகை தொடங்கிய அதே 1690இல், கடலூர் அருகே தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ராஜாராமின் அரசு ஆங்கிலேயருக்கு விற்றது. பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவு வரையுள்ள ஊர்கள் அவர்களுக்கு என்பது ஒப்பந்தம். அவை குண்டு கிராமங்கள் எனப்பட்டன. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்தபோது, ஆங்கிலேயருக்குச் சோழமண்டலக் கரையில் தலைமையிடமாக நின்றது அந்தக் கோட்டைதான்.