கோபால்ட்டா, ஐ.எம்.ஆர்.டி.யா, புரோட்டானா?
தலை, கழுத்துப் புற்றுநோய்க்கான கதிர்வீச்சுச் சிகிச்சை பற்றி



சமீபத்தில் உங்களில் பலர் எழுதிய கடிதங்களில் ஒரே கேள்வி வெவ்வேறு விதமாக வந்திருக்கிறது. சபையில் ஒருவருக்குத் தொண்டையில் புற்றுநோய். கோபால்ட் மெஷினே போதும் என்கிறார் ஒரு டாக்டர். ஐ.எம்.ஆர்.டி. தான் வேண்டும் என்கிறார் இன்னொருவர். சென்னைக்குப் போய்ப் புரோட்டான் வைக்கலாம் என்று உறவினர் சொல்கிறார். எது சரி? நாங்கள் மருத்துவர்கள் அல்ல. ஆயினும் கதிர்வீச்சுப் பிரிவின் வராந்தாவில் நோயாளிகளோடு உட்கார்ந்திருப்பதே எங்கள் ஊழியத்தின் பெரும்பகுதி. டாக்டர்களிடம் கேட்டு அறிந்ததையும் நோயாளிகளிடம் கண்டதையும் இங்கே எழுதுகிறோம். உங்கள் சகோதரருக்கு எது ஏற்றது என்பதை அவரைப் பரிசோதித்த டாக்டரே சொல்ல வேண்டும்.

நம் கிராமங்களில் இந்தச் சிகிச்சைக்குக் "கரண்ட் வைப்பது" என்று பெயர். இந்தப் பெயராலேயே பயந்து வராமல் போனவர்கள் உண்டு. உடம்புக்குள் மின்சாரம் எதுவும் செலுத்தப்படுவதில்லை, ஷாக் அடிப்பதுமில்லை. எக்ஸ்ரே போன்ற, ஆனால் அதைவிட மிகவும் வலிமையான கதிர்கள் கட்டியின் மேல் விழுகின்றன. அவை உயிரணுக்களின் மரபுப் பொருளைச் சேதப்படுத்துகின்றன. நல்ல உயிரணுக்கள் மறுநாளைக்குள் தங்களை ஓரளவு பழுது பார்த்துக்கொள்ளும்; புற்றுநோய் அணுக்களுக்கு அந்தத் திறமை குறைவு. ஆகவேதான் மொத்த அளவையும் ஒரே நாளில் கொடுப்பதில்லை. அளவைக் "கிரே" என்ற கணக்கில் சொல்கிறார்கள். நாளொன்றுக்கு 2 கிரே, வாரத்தில் 5 நாள், 7 வாரங்களில் 35 தடவை, ஆக 70 கிரே என்பது தொண்டைப் புற்றுக்கு வழக்கமான கணக்கு. வாய்ப் புற்றுக்குப் பெரும்பாலும் முதலில் ஆபரேஷன், அதன் பிறகு 30 தடவை அளவில் கதிர்வீச்சு.

எந்த மெஷினானாலும் இந்தக் கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம், கதிர் வேறு எங்கெல்லாம் விழுகிறது என்பதில் இருக்கிறது. கழுத்தில் ஒரு கை அகலத்துக்குள் தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பிகள், தாடை எலும்பு, குரல்வளை, விழுங்கும் தசைகள் எல்லாம் நெருக்கமாக இருக்கின்றன. மார்பிலோ வயிற்றிலோ இரண்டு சென்டிமீட்டர் விட்டுக்கொடுக்கலாம். இங்கே அது முடியாது.

கோபால்ட் மெஷினில் கனடா நாட்டில் 1951ஆம் ஆண்டு முதன்முதலாகச் சிகிச்சை கொடுத்தார்கள். கனத்த ஈயக் கவசத்துக்குள் கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருள் சிறு குப்பியில் இருக்கும். கதவு திறந்தால் கதிர் வரும், மூடினால் நின்றுவிடும். எளிமையான அமைப்பு. மின்சாரம் ஏறி இறங்கும் ஊர்களிலும் ஓடும், பழுதும் அதிகம் வராது. ஆகவேதான் நம்மைப் போன்ற ஆஸ்பத்திரிகள் இதையே நம்பியிருந்தன. பம்பாயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையம் வடிவமைத்த பாபாட்ரான் என்ற இந்திய மெஷினும் இந்த வகையே. கழுத்துக் கட்டிகள் தோலுக்கு மிக ஆழத்தில் இல்லாததால் கோபால்ட் கதிரின் ஊடுருவும் சக்தி அவற்றுக்குப் போதுமானது. குறை ஒன்றுண்டு: அந்தப் பொருளின் வலிமை 5 ஆண்டுகள் 3 மாதங்களுக்குள் பாதியாகிவிடும். புதிதில் இரண்டு நிமிடம் படுக்க வேண்டிய நோயாளி, அப்போது நான்கு நிமிடம் படுக்க வேண்டும். பிறகு அதை மாற்றுவதற்குப் பெருந்தொகை வேண்டும்.

லீனியர் ஆக்ஸிலரேட்டர், சுருக்கமாக லினாக், கதிரியக்கப் பொருள் இல்லாமல் மின்சாரத்தால் கதிரை உண்டாக்குகிறது. இலண்டனில் ஹாமர்ஸ்மித் ஆஸ்பத்திரியில் 1953ல் முதல் நோயாளிக்கு இதில் சிகிச்சை நடந்தது. கதிரின் ஓரம் கோபால்ட்டைவிடக் கூர்மையாக இருக்கும். ஆனால் லினாக் இருந்தால் மட்டும் எல்லாம் வந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. லினாக்கிலேயே பழைய முறையில், இடமும் வலமுமாக இரண்டு பக்கத்திலிருந்து சதுரமாகக் கதிர் கொடுத்தால், பலன் கோபால்ட்டிலிருந்து அதிகம் வேறுபடாது. விளம்பரங்களில் மெஷினின் பெயரைப் பெரிதாகப் போடுகிறார்கள். எந்த முறையில் சிகிச்சை என்பதையே நீங்கள் கேட்க வேண்டும்.

முறைகளில் முதற்படி, சி.டி. ஸ்கேன் எடுத்துக் கட்டியின் வடிவத்துக்கு ஏற்றபடி கதிரை வெட்டிக் கொடுப்பது. இதை முப்பரிமாணச் சிகிச்சை என்பார்கள். அடுத்த படியே ஐ.எம்.ஆர்.டி. பல திசைகளிலிருந்து கதிர் வரும். ஒவ்வொரு திசையிலும் மெல்லிய உலோகத் தகடுகள் அசைந்து, ஓரிடத்தில் அதிகமாகவும் பக்கத்திலேயே குறைவாகவும் விழச் செய்யும். கட்டி, குதிரை லாடம் போலத் தண்டுவடத்தை வளைத்துக்கொண்டிருந்தாலும் நடுவிலுள்ளதை விட்டுவிட்டுச் சுற்றிலும் கொடுக்க முடிகிறது. மெஷின் நோயாளியைச் சுற்றி வந்துகொண்டே கொடுக்கும் வீமேட் என்பதும் இதன் வேகமான வகைதான்.

இதனால் நோயாளிக்கு என்ன லாபம்? எங்கள் வராந்தாவில் இதற்கு ஒரே வார்த்தையில் பதில் கிடைக்கும்: எச்சில். காதுக்கு முன்னும் கீழும் இருக்கும் பரோட்டிட் சுரப்பிகள் நமக்கு உமிழ்நீர் தருபவை. பழைய முறையில் இரண்டு பக்கச் சுரப்பிகளும் கதிருக்குள் அகப்பட்டுக்கொள்ளும்; வாய் காய்ந்து போகும், பலருக்கு ஆயுள் முழுவதும். இது சின்னக் காரியம் அல்ல. இட்லியைக்கூடத் தண்ணீர் ஊற்றித்தான் இறக்க வேண்டும். இரவில் இரண்டு மூன்று தடவை தண்ணீருக்காக எழும்ப வேண்டும். பற்கள் சீக்கிரம் சொத்தையாகும். பாடகர் குழுவில் பாடின சகோதரிகள் ஒரு சரணத்துக்குமேல் பாட முடியாமல் உட்கார்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். திருவிருந்தின் அப்பத்தைக்கூட அவர்களால் அப்படியே விழுங்க முடியாது. ரசத்தில் தோய்த்துக் கொடுக்கிறோம்.

இங்கிலாந்தில் 94 நோயாளிகளை வைத்து நடத்தி 2011ல் வெளியிட்ட பார்ஸ்போர்ட் என்ற ஆய்வு இதை அளந்து காட்டியது. ஓராண்டு கழித்துக் கடுமையான வாய் வறட்சி, பழைய முறையில் சிகிச்சை பெற்றவர்களில் 74 சதவீதம் பேருக்கு இருந்தது, ஐ.எம்.ஆர்.டி. பெற்றவர்களில் 38 சதவீதம். இரண்டு ஆண்டுகள் கழித்து வித்தியாசம் இன்னும் பெரிதாயிற்று: 83க்கு 29. பம்பாய் டாடா ஆஸ்பத்திரியில் 60 பேரிடம் நடத்தி 2012ல் வெளிவந்த ஆய்வு, முப்பரிமாணச் சிகிச்சையோடு இதை ஒப்பிட்டது. சிகிச்சைக் காலத்தில் உமிழ்நீர்ச் சுரப்பிப் பாதிப்பு 89 சதவீதத்திலிருந்து 59 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் இரண்டு ஆய்வுகளிலுமே நோய் அடங்கியவர்களின் எண்ணிக்கையிலும் உயிர் பிழைத்தவர்களின் எண்ணிக்கையிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் உங்களை ஏமாற்றியவர்களாவோம். ஐ.எம்.ஆர்.டி. பிழைப்பவரின் பிற்கால வாழ்வை இலகுவாக்குகிறது. கோபால்ட்டில் பிழைக்காதவரைப் பிழைக்க வைக்கிறது என்று சொல்ல இந்த ஆய்வுகளில் ஆதாரம் இல்லை.

இவ்வளவு நுட்பமாகக் கொடுப்பதால் நோயாளி அசையவே கூடாது. வெந்நீரில் மென்மையாக்கிய வெள்ளைப் பிளாஸ்டிக் வலையை முகத்தின்மேல் விரித்து அச்சு எடுக்கிறார்கள். சில நிமிடங்களில் அது இறுகி மாஸ்க் ஆகிவிடும். தினமும் அதை மேசையோடு பொருத்திவிடுவார்கள். பலருக்குக் கட்டியைவிட இந்த மாஸ்க்கில்தான் பயம். மூச்சு விடலாம், கை அசைத்தால் வெளியே கேமராவில் தெரியும், உடனே நிறுத்துவார்கள். முதல் நாள் இதைச் சொல்லிக் கூடவே நடந்து போனால் பெரும்பாலோர் படுத்துவிடுகிறார்கள். சாப்பிட முடியாமல் மெலிந்தால் மாஸ்க் தளர்ந்துவிடும், திட்டமிட்ட இடத்தில் கதிர் விழாது. மறுபடி ஸ்கேன் எடுத்துப் புதிதாகத் திட்டமிட வேண்டியிருக்கும். ஆகவே கஞ்சியும் சத்துமாவும் மூக்குக் குழாயும் இந்தச் சிகிச்சையின் பாகமே.

உள்ளிருந்து கொடுக்கும் முறை ஒன்றும் உண்டு. பிரேக்கிதெரபி என்பது பெயர். நாக்கு, உதடு, கன்னம் ஆகியவற்றிலுள்ள சிறிய கட்டிக்குள் மெல்லிய குழாய்களைப் பொருத்தி, இரிடியம் 192 என்ற பொருளைச் சில நிமிடங்கள் உள்ளே அனுப்பித் திரும்ப எடுப்பார்கள். தேர்ந்த கை வேண்டும். ஆரம்ப நிலையில் வந்தவருக்கே இது பொருந்தும்; நம்மிடம் அப்படி வருகிறவர்கள் குறைவு.

புரோட்டான் பற்றிக் கேட்டவர்களுக்கு: சாதாரணக் கதிர் கட்டியைத் தாண்டி மறுபக்கமும் போகும். புரோட்டான் குறிப்பிட்ட ஆழத்தில் தன் சக்தியைக் கொட்டிவிட்டு நின்றுவிடும். தெற்காசியாவின் முதல் புரோட்டான் மையத்தை 2019ல் சென்னையில் அப்பல்லோ நிறுவனத்தார் திறந்தார்கள். கண்ணுக்கும் மூளைக்கும் அருகே மண்டையோட்டின் அடியில் இருக்கும் கட்டிகளுக்கும் பிள்ளைகளுக்கும் இது மிகவும் உதவும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். சாதாரணத் தொண்டைப் புற்றில் ஐ.எம்.ஆர்.டி.யைவிட எவ்வளவு மேல் என்பது இன்னும் வாதத்துக்குரியது. செலவோ பல மடங்கு. வீட்டை விற்றுப் புரோட்டானுக்குப் போகலாமா என்று எங்களிடம் கேட்கிற குடும்பங்களுக்கு, முதலில் கதிர்வீச்சு டாக்டர் இருவரிடம் கேளுங்கள் என்கிறோம்.

உங்கள் காணிக்கைகளோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட காரியத்துக்கு இப்போது வருகிறோம். சர்வதேச அணுசக்தி முகமை, வசதி குறைந்த நாடுகளையும் சேர்த்து 9 மையங்களில் 908 நோயாளிகளிடம் ஒரு ஆய்வு நடத்தி 2010ல் வெளியிட்டது. மொத்தக் கதிர் அளவு எல்லாருக்கும் ஒன்றே. ஒரு பகுதியினருக்கு வாரம் 5 தடவை, மற்றவர்களுக்கு 6 தடவை. ஐந்து ஆண்டுகள் கழித்து, வாரம் 5 தடவை பெற்றவர்களில் 30 சதவீதம் பேருக்கும், 6 தடவை பெற்றவர்களில் 42 சதவீதம் பேருக்கும் கட்டி கட்டுப்பட்டிருந்தது. வாய்ப்புண் அதிகமாயிற்று. புதிய மெஷின் எதுவும் வேண்டியிருக்கவில்லை. சிகிச்சை ஒரு வாரம் முன்னதாக முடிந்ததே காரணம். நீண்டுபோனால் புற்றுநோய் அணுக்கள் மறுபடி பெருகத் தொடங்கிவிடும். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் கட்டி கட்டுப்படும் வாய்ப்பு ஏறக்குறைய ஒரு சதவீதமோ அதற்குச் சற்று மேலோ குறைவதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள்.

இனி எங்கள் வராந்தாவுக்கு வாருங்கள். மூன்றாம் நான்காம் வாரத்தில் வாய் வெந்து புண்ணாகும். கையிருப்பு தீரும். அறுப்பு வரும், தங்கை மகள் கல்யாணம் வரும், கூட இருந்த மனைவிக்குக் கூலி வேலை போகும். "ஒரு வாரம் ஊருக்குப் போயிட்டு வந்திடுறேன் ஐயரே" என்பார்கள். அரசாங்கக் காப்பீட்டில் மெஷின் செலவு கழிந்தாலும் ஏழு வாரம் தங்குவதற்கும் கூட இருப்பவரின் சாப்பாட்டுக்கும் அது உதவுவதில்லை. நீங்கள் அனுப்பும் தொகையில் தங்கும் அறைக்கும் கஞ்சிக்கும் பஸ் செலவுக்கும் போகிற பங்கைச் சிலர் "சிகிச்சைக்குப் போகாத பணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் எண்ணம் வேறு. ஐ.எம்.ஆர்.டி.யை ஆரம்பித்து இருபதாம் நாளில் விட்டுப் போனவரைவிட, கோபால்ட்டில் 35 நாளையும் தவறாமல் முடித்தவருக்கு நம்பிக்கை அதிகம்.

சபைகளில் அறிவிக்க வேண்டிய இரண்டு காரியங்கள். சிகிச்சை தொடங்குமுன் பல் டாக்டரிடம் காட்டி, கெட்ட பற்களை எடுத்து, புண் ஆற இரண்டு வாரமாவது விட வேண்டும். கதிர்வீச்சு பெற்ற தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகக்கூடும். ஆண்டுகள் கழித்தும், டாக்டரிடம் சொல்லாமல் எடுக்கக் கூடாது. சிகிச்சை நாட்களில் பீடியும் புகையிலையும் தொடவே கூடாது. புகைப்பவர்களிடம் கதிரின் பலன் குறைகிறது.

கடைசியாக ஒரு சகோதரியின் கேள்வி: கரண்ட் வைத்துக்கொண்டு வந்த தாத்தாவின் மடியில் பேரப்பிள்ளை உட்காரலாமா? தாராளமாக உட்காரலாம். கோபால்ட், லினாக், புரோட்டான் எதிலும் நோயாளியின் உடம்பு கதிர் வீசுவதாக மாறிவிடுவதில்லை. பிரேக்கிதெரபியிலும் இரிடியத்தைத் திரும்ப எடுத்துவிடுகிறார்கள். ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதாலோ இந்தப் புற்றுநோய் ஒட்டாது.