பச்சை வீட்டுக்கு எக்ஸ்ட்ரா காசு: மதுரைக்காரங்க எதுக்குக் கொடுப்பாங்க, எதுக்குக் கொடுக்க மாட்டாங்க?

ஒத்தக்கடை, திருப்பாலை, நாகமலை புதுக்கோட்டை, அவனியாபுரம்னு மதுரையைச் சுத்தி எந்தப் பக்கம் போனாலும் வீட்டு விளம்பரம் கண்ல படும். அதுல பல போர்டுகள்ல ஒரு பச்சை இலை படம், பக்கத்துலயே "சுற்றுச்சூழலுக்கு உகந்த வீடு"ன்னு ஒரு வரி. சோலார், மழைநீர் சேகரிப்பு, காற்றோட்டம், மரம் எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி அந்த ஒரு வார்த்தைக்குள்ள போட்டுடறாங்க.

ஆனா வீடு வாங்குற குடும்பம் மூட்டையா வாங்குறது இல்லை. ஒவ்வொண்ணா பிரிச்சு, "இதுக்கு எக்ஸ்ட்ரா தரலாம், இது வேண்டாம்"னு முடிவு பண்றாங்க. அந்த முடிவு எப்படி நடக்குது, அதுல எங்க நாம ஏமாறுறோம்னு பார்க்கலாம்.

தண்ணி: பேரமே இல்லாத விஷயம்

மதுரைல வீடு பார்க்கப் போறவங்க முதல்ல கேட்கிற கேள்வி: "போர் எத்தனை அடி? உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா?" வைகை வருஷத்துல பெரும்பாலான நாள் மணலாத்தான் கிடக்கு. அதனால தண்ணிக்குக் காசு கொடுக்க யாரும் தயங்குறதில்லை.

தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாச்சு. அதனால "எங்ககிட்ட மழைநீர் சேகரிப்பு இருக்கு"ன்னு ஒரு பில்டர் சொன்னா அது சலுகை இல்லை, சட்டம். கேட்க வேண்டிய கேள்வி வேற: தண்ணி எங்க போகுது?

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீட்டர்ல 1 மி.மீ. மழை பெய்தா 1 லிட்டர். மதுரையோட வருஷ மழை சுமார் 850 மி.மீ. 1000 சதுர அடி மொட்டை மாடின்னா கிட்டத்தட்ட 93 சதுர மீட்டர். 93-ஐ 850-ஆல பெருக்கினா சுமார் 79,000 லிட்டர். ஆவியாகிறது, வழியுறது போக 80 சதவீதம் கிடைச்சாக்கூட 63,000 லிட்டர். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்ற கணக்கில் நாலு பேர் குடும்பத்துக்கு இது கிட்டத்தட்ட நாலு மாசத் தண்ணி!

ஆனா இந்த மழை வருஷம் பூரா சமமா பெய்யாது. ஐப்பசி, கார்த்திகைலதான் கொட்டும். ஒரு 10,000 லிட்டர் சம்ப் சில நல்ல மழையிலேயே நிரம்பிடும். மிச்சம் போருக்குப் பக்கத்துல இருக்கிற ரீசார்ஜ் குழிக்குப் போகணும். ஃபில்டர், சம்ப், ரீசார்ஜ் குழி மூணும் ஒழுங்கா இருந்தா அது எக்ஸ்ட்ரா காசுக்குத் தகுதி. ஒரு பைப்பை இறக்கி மண்ணுல சொருகியிருந்தா, அது அப்ரூவலுக்காக வெச்சது.

சோலார்: பில்லுல தெரியுறதால மதிப்பு

இரண்டாவது இடம் சோலாருக்கு. காரணம் சிம்பிள். மாடில பேனல் கண்ணுக்குத் தெரியும், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை வர்ற ஈபி பில்லுல அதோட பலனும் தெரியும்.

அமெரிக்காவோட லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் 2015-ல் 8 மாநிலங்கள்ல சுமார் 22,000 வீட்டு விற்பனைகளை ஆராய்ஞ்சு பார்த்தது. சோலார் இருந்த வீட்டுக்கு வாங்கினவங்க ஒரு வாட்டுக்கு சுமார் 4 டாலர் கூடக் கொடுத்திருந்தாங்க. 3.6 கிலோவாட் சிஸ்டத்துக்கு அது ஏறத்தாழ 15,000 டாலர். ஆக, பில்லைக் குறைக்கிற பொருளுக்கு மார்க்கெட் காசு தருது.

நம்ம ஊர்ல 3 கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சராசரியா 12 யூனிட் தரும்னு கணக்கு வைக்கலாம். ரெண்டு மாசத்துக்கு சுமார் 720 யூனிட். 2024-ல் தொடங்கின பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம். கேட்கவே நல்லா இருக்கு. ஆனா ரெண்டு விஷயத்தைக் கவனிக்கணும்.

ஒண்ணு, தமிழ்நாட்டில் வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதுக்கு மேல ஸ்லாப் ஏற ஏற ரேட்டும் ஏறும். ரெண்டு மாசத்துக்கு 150 யூனிட் மட்டும் ஓடுற வீட்டுக்கு சோலாரால பெரிய லாபம் இல்லை. ரெண்டு ஏசி ஓடுற வீட்டுக்குத்தான் போட்ட காசு சீக்கிரம் திரும்பும்.

ரெண்டாவது, அபார்ட்மெண்ட்ல மொட்டை மாடி எல்லாருக்கும் பொது. அங்க போடுற பேனல் பெரும்பாலும் லிஃப்ட், மோட்டார், காரிடார் லைட்டுக்குத்தான். அதே திட்டத்துல குடியிருப்போர் சங்கங்களுக்குப் பொதுப் பயன்பாட்டுக்காக ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கு. "சோலார் அபார்ட்மெண்ட்"னு விளம்பரத்தைப் பார்த்ததும் நம்ம வீட்டு ஏசி இலவசமா ஓடும்னு நினைச்சுடக் கூடாது. குறையப்போறது மாச மெயின்டனன்ஸ் தொகைதான்.

வாஸ்துவுக்குத் தர்ற காசு

"கிழக்கு பார்த்த வாசல்", "வடக்கு பார்த்த மனை"ன்னா விலை கூடன்னு எல்லாருக்கும் தெரியும். அப்போ திசைக்கு நம்ம ஆட்கள் ஏற்கெனவே காசு கொடுத்துட்டுதான் இருக்காங்க, காரணம் மட்டும் வேற.

இங்க ஒரு சிக்கல் இருக்கு. வாஸ்துப்படி மாஸ்டர் பெட்ரூம் தென்மேற்குல, அதாவது கன்னி மூலைல வரும். மேற்குச் சுவர் மதியம் 2 மணியிலேர்ந்து பொழுது சாயுற வரைக்கும் நேர் வெயில்ல காயும். அந்தச் சூட்டை அப்படியே வாங்கி வெச்சு, நாம தூங்கப் போற நேரத்துல ரூமுக்குள்ள விடும். வாஸ்துவை விட்டுடச் சொல்லி வீட்டுப் பெரியவங்ககிட்ட வாதாட வேண்டியதில்லை. மேற்கு ஜன்னலுக்கு அகலமான சன்ஷேடு, அந்தச் சுவருக்கு மட்டும் ஏஏசி பிளாக், வெளியில ஒரு வேம்பு அல்லது புங்கை. திசையும் மாறாது, சூடும் குறையும்.

யாரும் காசு தராத மொட்டை மாடி

இப்போ முக்கியமான இடத்துக்கு வர்றோம். மதுரை இருக்கிறது ஏறத்தாழ 9.9 டிகிரி வடக்கு அட்சரேகையில். ஏப்ரல் நடுவுலயும் ஆகஸ்ட் கடைசியிலயும் நண்பகல் சூரியன் நம்ம உச்சந்தலைக்கு நேர் மேல நிக்கும். அழகர் ஆத்துல இறங்குற சீசன்ல வெயில் மண்டையைப் பொளக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம். சூரியன் தலைக்கு மேல இருக்கும்போது வீட்டுல அதிக வெயில் வாங்குறது சுவர் இல்லை, கூரைதான்.

2018-ல் மத்திய அரசு வெளியிட்ட ஈகோ நிவாஸ் சம்ஹிதா என்ற வீடுகளுக்கான விதித்தொகுப்பு, கூரையோட யூ வேல்யூ 1.2-க்கு மேல போகக் கூடாதுன்னு சொல்லுது. யூ வேல்யூங்கிறது வெளிச் சூடு எவ்வளவு வேகமா உள்ளே வருதுங்கிற அளவு. குறைவா இருந்தா நல்லது. வெறும் ஆர்.சி.சி ஸ்லாப்புக்கு இது 3-க்கும் மேல.

இதைக் குறைக்க ராக்கெட் சயின்ஸ் தேவையில்லை. நம்ம தாத்தா காலத்துல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேல தட்டோடு பதிச்சாங்க. இப்போ அதோட சேர்த்து இன்சுலேஷன் ஷீட், வெள்ளை கூல் ரூஃப் டைல், கூல் ரூஃப் பெயிண்ட் எல்லாம் கிடைக்குது. பெயிண்ட் யூ வேல்யூவைக் குறைக்காது, வெயிலைத் திருப்பி அனுப்பும். தூசி படிஞ்சா அதோட பலன் குறையும், அதனால கழுவணும், சில வருஷத்துக்கு ஒருதரம் திரும்ப அடிக்கணும். அவ்வளவுதான்.

ஆச்சரியம் என்னன்னா, "மேல் மாடி வெக்கையா இருக்கும், விலையைக் குறைங்க"ன்னு பேரம் பேசத் தெரிஞ்ச நாம, "கூரைக்கு இன்சுலேஷன் போடுங்க, கூடத் தர்றேன்"னு சொல்றதில்லை. நோய்க்கு விலை குறைக்கிறோம், மருந்துக்கு விலை கொடுக்க மாட்டேங்கிறோம்.

ஏன் இப்படி?

கூரைக்குள்ள என்ன இருக்குன்னு சைட் விசிட்ல தெரியாது. 1970-ல் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வெச்சு இதைத்தான் விளக்கினார்: வாங்குறவருக்குத் தரம் தெரியலைன்னா நல்ல பொருளுக்கும் நல்ல விலை தர மாட்டார், அப்புறம் நல்ல பொருளே சந்தைக்கு வராது. இன்சுலேஷன் போட்ட பில்டருக்கும் போடாத பில்டருக்கும் ஒரே விலைன்னா யார் போடுவாங்க? கட்டுறவருக்குச் செலவு மிச்சம். இருபது வருஷம் ஈ.எம்.ஐ கட்டுற குடும்பம்தான் ஏசி பில்லையும் கட்டணும். ஏசி வாங்க முடியாதவங்க வெக்கையிலேயே படுத்துக்கணும்.

சிங்கப்பூர்ல கிரீன் மார்க் சான்று பெற்ற வீடுகளை வெச்சு 2014-ல் வந்த ஓர் ஆய்வு இதுக்கு நல்ல உதாரணம். கட்டி முடிக்கிறதுக்கு முன்னாடி விற்கும்போது அந்த வீடுகளுக்குக் கிடைச்ச கூடுதல் விலை சுமார் 4 சதவீதம். குடியேறின பிறகு மறுவிற்பனைல அது சுமார் 10 சதவீதம். வீடு எப்படி இருக்குன்னு வாழ்ந்து பார்க்க முடிஞ்ச பிறகுதான் மதிப்பு ஏறுது.

அப்போ என்ன செய்யலாம்?

தெரியாததைத் தெரிய வைக்கணும். உங்க வீட்டுல யாராவது வீடு பார்க்கப் போறாங்கன்னா இதைச் சொல்லுங்க:

- காலைல 10 மணிக்குப் போகாதீங்க. சித்திரை, வைகாசில மதியம் 4 மணிக்கு மேல் மாடி வீட்டைப் பாருங்க. முடிஞ்சா ராத்திரி 9 மணிக்கு இன்னொரு தடவை போய் மேற்குச் சுவரைத் தொட்டுப் பாருங்க.
- கூரை மேல என்னென்ன லேயர், எவ்வளவு கனம்னு எழுத்துல கேளுங்க. யூ வேல்யூ எவ்வளவுன்னும் கேளுங்க. பதில் தெரியாத பில்டர்கூட அடுத்த தடவை தெரிஞ்சு வெச்சிருப்பார்.
- மழைநீர்க் குழாய் எங்க போய் முடியுதுன்னு கூடவே நடந்து போய்ப் பாருங்க.
- சோலார் யார் மீட்டர்ல சேருதுன்னு கேளுங்க.

சிவில் படிக்கிற நமக்கு இதுல கூடுதல் பொறுப்பு. அடுத்த வருஷம் நம்மள்ல சிலர் இதே ரிங் ரோடு சைட்கள்ல ஹெல்மெட் போட்டுட்டு நிப்போம். எஸ்டிமேட்டைக் குறைக்கச் சொன்னா முதல்ல அடிபடுறது கூரை இன்சுலேஷன்தான், ஏன்னா அதை யாரும் கேட்கப் போறதில்லை. கேட்கிற ஆள் பத்துப் பேர் வந்தா அந்த லைன் எஸ்டிமேட்லயே நிக்கும்.