மழையும் சக்கரமும் – 9: பயந்தாங்கொள்ளி ஜெயித்த பந்தயம்

ஃபார்முலா ஒன் டிரைவர் ஜாக்கி ஸ்டூவர்ட்டைப் பயந்தாங்கொள்ளி என்று ஏசியவர்கள் 1960களில் நிறையப் பேர். தடத்தின் ஓரத்தில் இரும்புத் தடுப்பு வேண்டும், சீட் பெல்ட் வேண்டும், கூப்பிடு தூரத்தில் நல்ல டாக்டர் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அதுதான் அவர் செய்த குற்றம். இங்கிலாந்தின் 'மோட்டார் ஸ்போர்ட்' இதழில் எழுதிக்கொண்டிருந்த டெனிஸ் ஜென்கின்சன் அவரை விடாமல் சாடினார். ஜென்கின்சனும் சும்மா நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய ஆளில்லை. 1955-ல் மில்லே மிலியா பந்தயத்தில் ஸ்டிர்லிங் மாஸுக்குப் பக்கத்து சீட்டில் அமர்ந்து இத்தாலி முழுக்கப் பறந்தவர். உயிரைப் பணயம் வைப்பதும் இந்த விளையாட்டில் ஒரு பங்கு, பிடிக்காதவன் வீட்டில் இருக்கட்டும் என்பது அவர் கட்சி.

அந்தக் கட்சிக்காரர்களின் வாயை 1968 ஆகஸ்ட் 4-ம் தேதி பெய்த மழை அடைத்தது. அதற்கு முன், ஸ்டூவர்ட்டுக்கு அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

1966 ஜூன் மாதம், பெல்ஜியத்தின் ஸ்பா தடம். கிளம்பும் இடத்தில் தரை காய்ந்திருந்தது. சில கிலோமீட்டர் தள்ளி மழை கொட்டிக்கொண்டிருந்தது. முழு வேகத்தில் வந்த கார்கள் முதல் சுற்றிலேயே அந்த மழைக்குள் நுழைந்து ஒன்றன்பின் ஒன்றாக வழுக்கி வெளியேறின. ஸ்டூவர்ட்டின் பிஆர்எம் கார் தடத்தைத் தாண்டிப் போய் நசுங்கி நின்றது. ஸ்டியரிங் வளையம் காலை அழுத்திப் பிடித்துக்கொண்டது. டேங்க் கிழிந்து பெட்ரோல் அவர் மடியில் ஒழுகியது. ஒரு பொறி பட்டிருந்தால் கதை முடிந்தது. அதே இடத்தில் வழுக்கி நின்ற சக டிரைவர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்ட்டும் ஓடி வந்தார்கள். ஸ்டியரிங்கைக் கழற்றாமல் ஆளை எடுக்க முடியாது. கழற்ற ஸ்பானர் இல்லை. வேடிக்கை பார்க்க வந்த ஒருவரிடம் ஸ்பானர் வாங்கிக் கழற்றினார்கள். அதற்குள் ஏறக்குறைய 25 நிமிடம் பெட்ரோலில் ஊறிவிட்டார் ஸ்டூவர்ட். 'மருத்துவ மையம்' என்று பெயர்ப்பலகை மாட்டிய அறையில், சிகரெட் துண்டுகள் சிதறிக் கிடந்த தரையில் ஸ்ட்ரெச்சரை இறக்கி வைத்தார்கள். அங்கிருந்து லியேஜ் நகரத்துக்குக் கிளம்பிய ஆம்புலன்ஸ் வழி தவறிப் போனது!

அதன்பிறகு அவர் தன் காரின் ஸ்டியரிங்கில் ஒரு ஸ்பானரை டேப் போட்டு ஒட்டிக்கொண்டுதான் பந்தயத்துக்கு வந்தார். இந்த ஆளையா கோழை என்பது?

1968-க்கு வருவோம். அந்த ஆண்டு நாள்காட்டியைப் புரட்டினாலே வயிறு கலங்கும். ஏப்ரல் 7: ஹாக்கன்ஹைமில் ஜிம் கிளார்க் மரணம். ஸ்டூவர்ட்டின் நெருங்கிய நண்பர், அவரைப் போலவே ஸ்காட்லாந்துக்காரர், அன்றைய தலைசிறந்த டிரைவர். மே 7: இண்டியானாபொலிஸில் மைக் ஸ்பென்ஸ். ஜூன் 8: மலையேற்றப் பந்தயப் பயிற்சி ஒன்றில் லுடோவிகோ ஸ்கார்ஃபியோட்டி. ஜூலை 7: பிரான்சின் ரூவானில், மழையில், தீப்பிடித்த ஹோண்டா காருக்குள் ஜோ ஷ்லெஸ்ஸர். மாதம் தவறவில்லை. அடுத்த மாதம், முதல் ஞாயிறு, நூர்பர்க்ரிங்.

ஜெர்மனியின் ஐஃபெல் மலைக்காட்டில் 1920களில் போட்ட தடம் அது. ஒரு சுற்று 22.8 கிலோமீட்டர், 170-க்கும் மேற்பட்ட வளைவுகள். மேடேறி, பள்ளத்தில் விழுந்து, மரங்களுக்கு நடுவே புகுந்து போகும். பல இடங்களில் தடுப்பு கிடையாது. தவறினால் மரம், இல்லாவிட்டால் பள்ளம். 'பச்சை நரகம்' என்ற பெயரைச் சூட்டியவரே ஸ்டூவர்ட்தான். அந்த வார இறுதி முழுக்க மழையோடு மூடுபனியும் சேர்ந்துகொண்டது. பயிற்சி நேரங்கள் குலைந்தன.

ஸ்டூவர்ட்டுக்கு வேறு ஒரு தொல்லையும் இருந்தது. ஏப்ரலில் ஸ்பெயினின் ஹராமாவில் நடந்த விபத்தில் வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்து, இரண்டு கிராண்ட் பிரி பந்தயங்களைத் தவறவிட்டிருந்தார். கையில் பிளாஸ்டிக் கட்டோடுதான் ஓட்டிக்கொண்டிருந்தார். கியர் மாற்றுவதும் அதே கைதான்.

பந்தயத்துக்கு முன் தடம் ஓடையாகக் கிடந்தபோது, பயிற்சிக்குப் போக அவருக்கு மனமில்லை. அணியின் முதலாளி கென் டிரெல் விடவில்லை. மரவாடித் தொழிலிலிருந்து பந்தயத்துக்கு வந்தவர் டிரெல். டிரைவரைக் கட்டாயப்படுத்தும் ஆளில்லை. பந்தயத்தின்போதும் இப்படியே இருந்தால் தண்ணீர் எங்கெங்கே குறுக்கே ஓடுகிறது என்று இப்போதே தெரிந்துகொள்வது நல்லது என்பது அவர் வாதம். தனக்கு இஷ்டமில்லாமல் டிரெல் தன்னைக் காரில் ஏற்றியது அந்த ஒரு தடவைதான் என்று ஸ்டூவர்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். என்னைக் கேட்டால், பந்தயத்தில் பாதி அந்தப் பயிற்சியிலேயே முடிந்துவிட்டது.

பந்தயம் தாமதமாகத் தொடங்கியது. ஃபெராரியில் ஜாக்கி இக்ஸ் முதலிடத்திலிருந்து கிளம்ப, ஸ்டூவர்ட்டின் நீல நிற மாட்ரா ஆறாவது இடத்தில். மழை நாளில் ஜிஎஸ்டி சாலையில் லாரிக்குப் பின்னால் பைக்கில் மாட்டிக்கொண்டவர்களுக்கு அவர் கண்டது புரியும்: முன்னால் போகிற சக்கரங்கள் வாரி இறைக்கும் நீர்த்திரை. இந்தக் கார்களின் சக்கரங்களுக்கு மட்கார்டு கிடையாது. கண்ணாடியைத் துடைக்க வைப்பரும் கிடையாது. பின்னால் இருப்பவனுக்கு எதுவுமே தெரியாது. ஆகவே முன்னால் போய்விடுவதுதான் பத்திரம். பயந்தவர் கணக்கும் துணிந்தவர் கணக்கும் ஒன்றாகிப் போன இடம் இது. முதல் சுற்று முடிவதற்குள் ஸ்டூவர்ட் எல்லாரையும் தாண்டிவிட்டார். இரண்டாவது சுற்றின் முடிவில், அவர் கடந்துபோய் அரை நிமிடத்துக்கு மேல் ஆன பிறகே அடுத்த கார் வந்தது.

டயரின் பங்கைச் சொல்லாமல் விடக்கூடாது. ஈரத்தில் டயருக்கும் தரைக்கும் இடையே தண்ணீர் தங்கினால் கார் மிதக்கத் தொடங்கும். அப்புறம் பிரேக்கும் இல்லை, ஸ்டியரிங்கும் இல்லை. அந்தத் தண்ணீரை வெட்டுப்பள்ளங்கள் வழியாக வெளியேற்றுவதில் டன்லப்பின் மழை டயர் அந்த ஆண்டு கெட்டி. ஜூனில் ஹாலந்தின் ஸான்ட்வூர்ட்டில் கொட்டிய மழையிலும் ஸ்டூவர்ட் அதை வைத்துத்தான் ஜெயித்தார். ஹில்லுக்கு ஃபயர்ஸ்டோன், யோகன் ரின்ட்டுக்கு குட்இயர். ஆனால் டயர் மட்டுமே காரணம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. அதே டன்லப்போடு ஓடிய ழான்-பியேர் பெல்துவாஸ் அன்று தடத்தை விட்டு விலகி, பாதியிலேயே வெளியேறினாரே?

பின்னால் நடந்ததும் சுவையான கதைதான். இரண்டாவது இடத்துக்கு ஹில்லும் கிறிஸ் ஏமனும் வெகுநேரம் மோதிக்கொண்டிருந்தார்கள். ஏமனின் ஃபெராரியில் டிஃபரன்ஷியல் கோளாறாகி அவர் சறுக்கி வெளியேறினார். சற்று நேரத்தில் ஹில்லும் சுழன்று நின்றார். இறங்கி, காரைத் தள்ளி, மறுபடி கிளப்பிக்கொண்டு வந்து இரண்டாவது இடத்தைக் காப்பாற்றினார்! அவருக்கு ஆறு விநாடி பின்னால் ரின்ட். அமெரிக்கர் டான் கர்னி முகம் முழுக்க மூடும் ஹெல்மெட்டோடு அன்று வந்திருந்தார். ஃபார்முலா ஒன்னில் அதுவே முதல் தடவை.

14 சுற்று. 2 மணி 19 நிமிடம். ஸ்டூவர்ட் கோட்டைத் தாண்டி 4 நிமிடம் 3 விநாடி கழித்து ஹில் வந்து சேர்ந்தார். இன்றைக்கு ஒரு நிமிட இடைவெளி விழுந்தாலே செய்தி.

காரை நிறுத்தியதும் அவர் டிரெல்லிடம் முதலில் விசாரித்தது மற்றவர்களைப் பற்றி. எல்லாரும் பத்திரமா என்று கேட்டார். யாருக்கும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆகஸ்ட் தப்பித்தது.

இந்த வெற்றி அவருக்குக் கொடுத்தது, கோப்பையைவிட, பேசுகிற தகுதி. மழையில் ஓட்டத் தெரியாதவன் புலம்புகிறான் என்று இனி ஒருத்தரும் சொல்ல முடியாது. பாதுகாப்பு போதாது என்று டிரைவர்கள் மறுத்ததால் 1969-ல் ஸ்பா பந்தயம் நடக்கவில்லை. 1970-ல் நூர்பர்க்ரிங்கைச் சீர்திருத்தாமல் ஓட்டமாட்டோம் என்று டிரைவர்கள் சொல்லிவிட, ஜெர்மன் கிராண்ட் பிரி ஹாக்கன்ஹைமுக்குப் போனது. மரங்களை வெட்டி, மேடுகளைச் செதுக்கி, இரும்புத் தடுப்பு போட்டுத் திறந்த நூர்பர்க்ரிங்கில் 1971-லும் 1973-லும் ஜெயித்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பயந்தாங்கொள்ளிதான்.

அத்தனை தடுப்பும் போதவில்லை என்பது 1976-ல் தெரிந்தது. ஆகஸ்ட் 1, அதே தடம், ஈரம் பாதி காய்ந்த தரை; நிக்கி லௌடாவின் ஃபெராரி மோதித் தீப்பிடித்தது. தீயிலிருந்து மீண்ட அந்த மனிதர், அக்டோபரில் ஜப்பானின் ஃபூஜியில் கொட்டும் மழையில் இரண்டே சுற்றில் காரை விட்டு இறங்கி, உலகப் பட்டத்தையே கைவிட்டார். அந்தக் கதை அடுத்த வாரம்.