இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ்

இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்பது நீலகிரி மாவட்டம் உதகமண்டலத்தை அடுத்த இந்து நகரில் இயங்கிவந்த நடுவண் அரசின் பொதுத்துறை நிறுவனம் ஆகும். 1960-இல் தொடங்கப்பட்டு, பிரான்சு நாட்டின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியுடன் 1967-இல் உற்பத்தியைத் தொடங்கியது. கறுப்பு-வெள்ளைப் படச்சுருள், ஒளிப்படத் தாள், எக்ஸ்-கதிர்ப் படலம் முதலியவற்றை ‘இந்து’ என்ற வணிகப் பெயரில் விற்றது.

உற்பத்தி முறை

வெள்ளி உப்புகளின் நுண்படிகங்களை ஜெலட்டினில் கலந்து, ஒளியுணர் பசையாக்கி, ஞெகிழிப் படலத்தின்மேல் மெல்லிய பூச்சாகப் பூசுவதே படச்சுருள் தயாரிப்பின் அடிப்படை. சிறிது ஒளி பட்டாலும் சுருள் வீணாகிவிடும் என்பதால், முக்கியமான பணிகள் இருட்டிலேயே நடந்தன. ஒரு தூசி விழுந்தாலும் படத்தில் புள்ளியாகத் தெரியும். குளிர்ச்சியும் தூய காற்றும் உள்ள உதகை இதற்கு ஏற்ற இடமாக இருந்தது.

பின்தங்கியதன் காரணங்கள்

இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய காலத்தில் உள்நாட்டுச் சந்தை இந்நிறுவனத்திற்குப் பெரும்பாலும் போட்டியின்றிக் கிடைத்தது. சிற்றூர் ஸ்டூடியோக்கள் வரை ‘இந்து’ சுருள்கள் சென்றன. அந்தப் பாதுகாப்பே தொழில்நுட்பத்தைப் புதுப்பிக்கும் அவசரத்தைக் குறைத்தது எனலாம்.

வண்ணப்படம் பரவியபோது நிலைமை மாறியது. வண்ணச் சுருளில் நீலம், பச்சை, சிவப்பு ஆகிய ஒளிகளை உணரும் தனித்தனி அடுக்குகளை மிகத் துல்லியமாகப் பூச வேண்டும். கோடாக், பூஜி, அக்பா ஆகிய நிறுவனங்கள் பல்லாண்டு ஆய்வின் மூலம் இதில் தேர்ச்சி பெற்றிருந்தன. உதகை ஆலையின் வலிமையோ கறுப்பு-வெள்ளையிலேயே இருந்தது.

பாலியெஸ்டர் அடிப்படையிலான எக்ஸ்-கதிர்ப் படலம் தயாரிக்கப் பெருங்கடனுடன் ஒரு திட்டம் மேற்கொள்ளப்பட்டது. 1991-க்குப் பின் பொருளாதாரத் தாராளமயமாக்கலால் இறக்குமதித் தீர்வைகள் குறைந்தன. வெளிநாட்டுப் பொருள்கள் எளிதில் கிடைக்கத் தொடங்கிய வேளையில் வட்டிச்சுமையும் ஏறியது. 1990-களின் நடுப்பகுதியில் இது நலிவுற்ற நிறுவனமாக அறிவிக்கப்பட்டது.

எண்ணிமப் புரட்சி

அடுத்து வந்த எண்ணிம ஒளிப்படக் கருவி படச்சுருளின் தேவையையே இல்லாமல் செய்தது. இதில் முன்னணி நிறுவனங்களும் தப்பவில்லை. 1975-இல் ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் எண்ணிமக் கருவியை உருவாக்கியது கோடாக் ஆய்வகத்தில்தான். ஆயினும் சுருள் விற்பனையையே பெரிதும் நம்பியிருந்த கோடாக், 2012 சனவரியில் திவால் பாதுகாப்புக் கோரியது. பூஜி நிறுவனம் மருத்துவக் கருவிகள், மருந்துகள், அழகுப் பொருள்கள் எனப் பிற துறைகளில் கால் பதித்துத் தப்பித்தது. உதகை நிறுவனத்திடம் அத்தகைய மாற்றத்திற்கான முதலும் இல்லை, காலமும் இல்லை.

மூடல்

2014-இல் தொழிலாளர்களுக்கான விருப்ப ஓய்வுத் திட்டத்திற்கு நடுவண் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன்பின் ஆலை மூடப்பட்டது. தேயிலையையும் சுற்றுலாவையும் சார்ந்த மலை மாவட்டத்தில் நிலையான ஊதியம் தந்த பெருந்தொழிற்சாலை மறைந்தது. இருட்டறையில் பெற்ற தனித்திறன் வேறெந்த வேலைக்கும் உதவாது போனது அங்குப் பணியாற்றியோருக்கு நேர்ந்த பேரிழப்பாகும்.