எல்லைக் கிராமங்களில் வீட்டுப் புல்தரை: விதையா, கொடித்துண்டா?

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிராமங்களில் முற்றம் என்பது நாள்தோறும் பெருக்கப்படும் வெறுந்தரையாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. அதில் புல் தலைகாட்டினால் செதுக்கி எறிவதே நல்ல குடித்தனத்திற்கு அடையாளமாகும். இன்றோ புதுவீடு கட்டுவோர் பலர் பசும்புல் தரையை விரும்புகின்றனர். சரிவான வெட்டுக்கல் பூமியில் இவ்விருப்பம் வீணன்று; இடவப்பாதி மழை மேல்மண்ணை அரித்துச் செல்வதைப் புல்வேர் தடுக்கும். ஆயினும், அழகிய படம் பொறித்த விதைப் பையை வாங்கித் தூவியவர்கள் சில மாதங்களில் மீண்டும் செம்மண்ணையே கண்டு சலிப்பதுண்டு. குற்றம் பெரும்பாலும் மண்ணிலன்று, தேர்விலேயே உள்ளது.

ரை புல், ஃபெஸ்க்யூ, கென்டக்கி நீலப்புல் ஆகியவை குளிர்நாட்டுப் புற்கள். நம் கிராமங்களோ நிலநடுக்கோட்டிலிருந்து எட்டரைப் பாகைக்குள் அமைந்தவை. பகல் வெப்பம் ஆண்டு முழுவதும் 30 டிகிரி சென்டிகிரேடை ஒட்டியே நிற்கும். இவ்வெப்பத்தில் அப்புற்கள் ஒளிச்சேர்க்கையால் ஈட்டியதில் ஒரு பகுதியை ஒளிச்சுவாசத்தால் இழந்துவிடுகின்றன. விதை முளைக்கும்; தரை நிலைக்காது. வெப்பநாட்டுப் புற்களின் இலையிலோ கரியமில வாயுவைச் செறிவூட்டிப் பயன்படுத்தும் தனி அமைப்பு உண்டு. கரும்பில் இவ்வழியை ஹேட்ச், ஸ்லாக் என்னும் அறிஞர்கள் ஆஸ்திரேலியாவில் 1966-இல் விளக்கினர்.

விதையால் இங்கு வளர்க்கத்தக்க புற்களில் முதலாவது நம் அருகம்புல்லே (சைனோடான் டாக்டைலான்). ஆனால் இதற்கு முழு வெயில் வேண்டும். தென்னை, பலா, மா நிழலிடும் முற்றத்தில் இது மெலிந்து மறையும். ஆகையால் விதை வாங்குமுன் நிழலை அளத்தல் வேண்டும். முற்றத்தில் நான்கைந்து குச்சிகளை நட்டு, காலை முதல் மாலை வரை மணிக்கொரு முறை எக்குச்சியில் வெயில் படுகின்றது எனக் குறித்துவரலாம். மாணவருக்கும் இது நல்ல பயிற்சி. ஆறு மணிக்குக் குறைவாக வெயில் படும் இடத்தில் அருகம்புல்லை விதைப்பது பணத்தை மண்ணில் போடுவதேயாகும்.

அவ்விடங்களுக்கு ஏற்றது ஆக்ஸனோபஸ் கம்ப்ரெஸஸ் என்னும் அகன்ற இலைப் புல். வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த இது, புளிப்பு மண்ணையும் மிதமான நிழலையும் பொறுக்கும். நீண்ட வறட்சியைப் பொறுக்காது. இதனைக் கொடித்துண்டுகளாக நடுவதே வழக்கம். நாற்றுப் பண்ணைகளில் இதனைப் 'பஃபலோ புல்' என்பர். இப்பெயரே ஒரு கண்ணி. வட அமெரிக்காவின் வறண்ட சமவெளிக்குரிய வேறொரு புல்லும் அதே பெயரால் விதையாக விற்கப்படுகிறது; அது நம் மழைக்கும் நிழலுக்கும் உரியதன்று. எனவே பையில் தாவரவியற் பெயரைப் பார்த்த பின்னரே வாங்குதல் நலம். அவ்வாறே, 1960-இல் ஜார்ஜியா மாநிலத்தின் டிஃப்டனில் வெளியிடப்பட்ட 'டிஃப்வே' என்னும் கலப்பின அருகு மலட்டினம். 'டிஃப்வே விதை' என்று எவரேனும் கொடுத்தால் மறுத்துவிட வேண்டும்.

அருகம்புல் விதை மிக நுண்ணியது. உமி நீக்கிய விதை ஒரு கிராமில் ஏறத்தாழ 4,000 இருக்கும். விதைக்குமுன் நூறு விதைகளை ஈரத்துணியில் பரப்பி, மூன்று வாரம் ஈரம் காயாமல் காத்து, முளைத்தவற்றை எண்ணுக. பாதிக்கும் குறைவாயின் அவ்விதையைத் திருப்பிக் கொடுக்கலாம். நல்ல விதையாயின் சதுர மீட்டருக்கு 3 முதல் 5 கிராம் போதும். அதனை மணலோடு கலந்து, பாதியை நெடுக்கிலும் மறுபாதியைக் குறுக்கிலும் தூவி, இலேசாக மண் மூடுக. ஜூன் மாதப் பெருமழையில் தூவினால் விதை முழுதும் ஓடையைச் சேரும். அம்மழை தணிந்து, துலாமழை தொடங்குமுன் உள்ள ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களே தக்க காலம். செங்குத்தான சரிவில் அப்போதும் கொடித்துண்டே மேல்.

முற்றத்தை அடுத்து வாழையோ மரச்சீனியோ இருப்பின், அருகம்புல்லின் நிலத்தடித் தண்டு அங்கும் புகும். பின்பு அதனை ஒழிப்பது எளிதன்று. இடையே வெட்டுக்கல் வரிசையொன்றை மண்ணில் ஆழப் பதித்துவிட்டே விதைத்தல் வேண்டும்.