தீவில் ‘இலையுதிர்காலம்’ எப்போது? – ஆண்டிறுதி விழாக்களும் வெளிப்புற விளையாட்டுகளும்



சுற்றுலா பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், “இலையுதிர்காலத்தில் எழில்மிகு தீவுகள் விழாக்கோலம் பூணுகின்றன” என்று தொடங்கும் மாணவர்கள் உண்டு. வாக்கியம் கேட்க நல்லாதான் இருக்கு. இலக்கணப் பிழையும் இல்லை. ஜப்பான், கொரியா தீவுகளுக்கு அது பொருந்தும். ஆனால், நம்ம சித்தியவானிலிருந்து லுமுட் போய், ஃபெர்ரி ஏறி இறங்கும் பங்கோர் தீவுக்குப் பொருந்துமா? பொருந்தாத கருத்தை எழுதினால் எவ்வளவு அழகான மொழிநடையும் காப்பாற்றாது. அதனால் இந்தச் சொல்லைக் கொஞ்சம் தெளிவாகப் பார்த்துவிடுவோம்.

நான்கு பருவமா, ஆறு பருவமா?

வடகோளத்துக் குளிர்நாடுகளில் ஆண்டுக்கு நான்கு பருவங்கள். அங்கே செப்டம்பர் பிற்பகுதியிலிருந்து டிசம்பர் பிற்பகுதி வரை இலையுதிர்காலம். தமிழ் இலக்கணம் சொல்லும் பெரும்பொழுதோ ஆறு: கார் (ஆவணி, புரட்டாசி), கூதிர் (ஐப்பசி, கார்த்திகை), முன்பனி (மார்கழி, தை), பின்பனி (மாசி, பங்குனி), இளவேனில் (சித்திரை, வைகாசி), முதுவேனில் (ஆனி, ஆடி). இந்த ஆறில் ‘இலையுதிர்காலம்’ இல்லை. அந்த மாதங்கள் நமக்குக் காரின் கடைசிப் பகுதியும் கூதிரும். அதாவது மழைக்காலமும் குளிர்காலமும்.

அப்போ நம் மண்ணில் இலையே உதிராதா? உதிரும். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். ஆண்டின் தொடக்கத்தில், ஜனவரி முதல் மார்ச் வரை வரும் வறண்ட வாரங்களில் ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் துளிர்க்கும். அப்போது பாலும் குறையும். பேராக் தோட்டப்புறத்துக்கு இலையுதிர்காலம் என்று ஒன்று உண்டென்றால், அது தை, மாசியில்தான் வருகிறது; அக்டோபரில் இல்லை.

பங்கோரில் இந்தியர்களின் பெரிய விழாவும் அதே காலத்தில்தான். ஸ்ரீ பத்திரகாளியம்மன் ஆலயத்து மாசிமகத்துக்கு பல ஊர்களிலிருந்து பக்தர்கள் கடல் கடந்து வருகிறார்கள். ஆகவே, பங்கோர் விழாவை ‘இலையுதிர்கால விழா’ என்று அக்டோபரில் வைத்து எழுதினால், விழாவும் தவறு, பருவமும் தவறு!

ஆண்டிறுதி விழாக்களை நிலா முடிவு செய்கிறது

செப்டம்பர் முதல் நவம்பர் வரை வரும் விழாக்களை நம் நாட்டில் இலையோ குளிரோ தீர்மானிப்பதில்லை, நிலாதான் தீர்மானிக்கிறது. புரட்டாசி அமாவாசையை அடுத்து நவராத்திரி. ஐப்பசி அமாவாசையை ஒட்டித் தீபாவளி. சீனர்களின் எட்டாம் மாதப் பௌர்ணமியில் மூன்கேக் விழா. ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாட்களில் ஒன்பது பேரரசர் விழா. பினாங்கில் இந்த ஒன்பது நாளும் பக்தர்கள் வெள்ளை உடை உடுத்தி, சைவ உணவு உண்பதைப் பார்க்கலாம்.

நவராத்திரியும் ஒன்பது நாள், இதுவும் ஒன்பது நாள். 2024-இல் இரண்டும் ஒரே நாளில், அக்டோபர் 3-இல், தொடங்கின. ஆனால் 2025-இல் சீன நாட்காட்டியில் ஆறாம் மாதத்துக்குப் பின் ஒரு கூடுதல் மாதம் வந்தது. அதனால் நவராத்திரி செப்டம்பரிலேயே தொடங்கிவிட, ஒன்பது பேரரசர் விழா அக்டோபர் 20 தீபாவளிக்கு மறுநாள்தான் தொடங்கியது. ‘ஆண்டுதோறும் ஒரே நாளில் வரும்’ என்று மாணவர்கள் எழுதிவிடக் கூடாது என்பதற்கு இது நல்ல சான்று.

மூன்கேக் விழாவின் சீனப் பெயருக்கு ‘நடு இலையுதிர்கால விழா’ என்றே பொருள். குடிபெயர்ந்து வந்தவர்கள் விழாவோடு தங்கள் ஊர்ப் பருவத்தின் பெயரையும் கொண்டுவந்தார்கள். நம் முன்னோர் ஐப்பசி, மாசி என்ற பெயர்களைக் கொண்டுவந்ததும் அப்படித்தானே?

வெளிப்புற விளையாட்டைக் காற்று முடிவு செய்கிறது

விளையாட்டுக்கு வேறு கணக்கு. நவம்பர் வாக்கில் வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும். பெர்ஹெந்தியான், ரெடாங், தியோமான் போன்ற கிழக்குக் கரைத் தீவுகளில் கடல் கொந்தளிக்கும். பல தங்கும் விடுதிகள் மூடிவிடும். மேற்குக் கரையில் நிலைமை வேறு. தித்திவங்சா மலைத்தொடர் அந்தக் காற்றைத் தடுப்பதால், பங்கோர், பினாங்கு, லங்காவி தீவுகளில் கடல் அந்த அளவுக்குச் சீறுவதில்லை.

அதனால்தான் பெரிய போட்டிகள் இந்தப் பக்கம் நடக்கின்றன. லங்காவியில் 2000-இல் தொடங்கிய ‘அயர்ன்மேன் மலேசியா’ அண்மைய ஆண்டுகளில் நவம்பரில் நடைபெறுகிறது: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிளோட்டம், 42.2 கிலோமீட்டர் ஓட்டம், எல்லாம் ஒரே நாளில்! 1996-இல் தொடங்கிய ‘லெ துவர் டி லங்காவி’ சைக்கிளோட்டம் இப்போதெல்லாம் செப்டம்பர், அக்டோபரில் நடக்கிறது. பெயரில் லங்காவி இருந்தாலும் பந்தயம் தீபகற்பத்தின் பல மாநிலங்கள் வழியாகப் போகிறது. பினாங்குப் பாலத்தில் ஆண்டிறுதியில் அனைத்துலக மாரத்தான் உண்டு.

ஆனால் மேற்குக் கரையில் ஆபத்தே இல்லைன்னு நினைக்க வேண்டாம். அக்டோபர், நவம்பரில் மாலை வேளைகளில் இடியும் மின்னலும் அதிகம். பகல் வெயிலும் கடுமை. நீண்ட ஓட்டங்களை விடியுமுன்னே தொடங்குவது இதற்காகத்தான். சில ஆண்டுகளில் சுமத்ராவிலிருந்து வரும் புகைமூட்டமும் சேர்ந்துகொள்ளும். 2015 அக்டோபர் 4-இல் நடக்கவிருந்த கோலாலம்பூர் மாரத்தான் புகைமூட்டத்தால் ரத்தானது. பள்ளியில் ஓட்டமோ முகாமோ ஏற்பாடு செய்யும் ஆசிரியர்களும் இதை மனத்தில் கொள்வது நல்லது. இடி கேட்டால் திடலைக் காலி செய்யணும், கடலைவிட்டு வெளியேறணும்.

கட்டுரையில் எப்படி எழுதலாம்?

தவிர்க்க வேண்டியது: “இலையுதிர்காலத்தில் பங்கோர் தீவில் விழாக்களும் விளையாட்டுகளும் களைகட்டுகின்றன.”

எழுதக்கூடியது: “மாசி மாதத்தில் பங்கோர் தீவு மாசிமகத்தால் களைகட்டும். ஆண்டிறுதியில் கிழக்குக் கரைத் தீவுகள் பருவக்காற்றால் அடங்கிவிட, மலைத்தொடரின் பாதுகாப்பில் உள்ள லங்காவியில் நெடுந்தூரப் போட்டிகள் நடைபெறும்.”

இரண்டாவது பத்தியில் மாதம் இருக்கிறது, இடம் இருக்கிறது, காரணமும் இருக்கிறது. படிப்பவருக்கு எழுதியவர் தம் நாட்டை அறிந்தவர் என்பது உடனே தெரியும். வெளிநாட்டுத் தீவைப் பற்றி எழுதும்போது ‘இலையுதிர்காலம்’ என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அங்கே அது உண்மை.

வகுப்பு நடவடிக்கையாக ஒன்று செய்து பார்க்கலாம். பன்னிரண்டு மாதங்களைக் கரும்பலகையில் எழுதி, தமிழ்ப் பெரும்பொழுது, பருவக்காற்று, ஊர்த் திருவிழா, விளையாட்டுப் போட்டி என நான்கு வரிசைகளை மாணவர்களையே நிரப்பச் சொல்லுங்கள். ரப்பர் மரம் இலை உதிர்க்கும் மாதத்தை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அந்த விவரம் பாடநூலைவிட அவர்களிடம்தான் தெளிவாகக் கிடைக்கும்.