வகுப்பா, வீட்டுப் படிப்பா?

நான் ஈரோட்டில் வசிக்கும் இல்லத்தரசி. பி.காம்., முடித்த கையோடு கல்யாணம். அதன்பின், 18 ஆண்டுகளாக எனக்குத் தெரிந்ததெல்லாம் பால் கணக்கும், மளிகைக் கணக்கும்தான்.

என் கணவர் சிறிய அளவில் ஜவுளி வியாபாரம் செய்கிறார். கடையில் கணக்கு எழுதியவர் திடீரென நின்றுவிட, 'நீதான் பி.காம்., ஆச்சே... டேலி கத்துக்கிட்டு நீயே பார்த்துக்கோயேன்' என்றார். பக்கத்துத் தெரு கம்ப்யூட்டர் சென்டரில், மூன்று மாத வகுப்புக்கு 9,000 ரூபாய் கேட்டனர். 'எதுக்கும்மா காசைக் கொட்டணும்... யூ டியூப்ல எல்லாமே இருக்கு' என்றான், பிளஸ் 2 படிக்கும் மகன். சீட்டுப் பணத்தைத் தொட எனக்கும் மனசு வரவில்லை.

டேலியை, பயிற்சிக்காக இலவசமாகவே கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொள்ளலாம். மாதத்தில் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிவு போட முடியும். பழகுவதற்கு அது தாராளம். மதியம் பாத்திரம் கழுவியதும் உட்கார்ந்து விடுவேன். பணம் கொடுத்தால் எப்-5, வந்தால் எப்-6, விற்பனைக்கு எப்-8, கொள்முதலுக்கு எப்-9 என, இரண்டே மாதத்தில் விரல்கள் தானாக ஓடின. 'இனி வகுப்பு எதற்கு?' என்ற நினைப்பு வந்துவிட்டது.

கடைக்குப் போய், கொச்சி வியாபாரி ஒருவருக்கு அனுப்பிய சரக்குக்கு பில் போட்டேன். மறுநாளே போன் வந்தது. வெளி மாநில விற்பனைக்கு, ஐ.ஜி.எஸ்.டி., என ஒரே வரியாகப் போட வேண்டும். நானோ, உள்ளூர் பில் மாதிரி, சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி., என இரண்டாகப் பிரித்திருந்தேன். மொத்தத் தொகை ஒன்றுதான் என்பதால், தப்பு கண்ணில் படவில்லை. 'இந்த பில்லை வெச்சு நாங்க வரியைக் கழிச்சுக்க முடியாதே' என்றார் அவர். நல்லவேளை, விற்பனை விவரம் தாக்கல் செய்யும் 11ம் தேதிக்கு முன்பே தெரிந்ததால், பில்லை மாற்றித் தந்தோம். கணவர் திட்டவில்லை, ஆனால், அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாமியார்தான், 'வகுப்புக்குப் போயிட்டு வா கண்ணு... மத்தியானச் சோத்தை நான் பாத்துக்கறேன்' என்றார். சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன்.

வகுப்பிலும் குறை இல்லாமலில்லை. பத்து பேருக்கு நாலு கம்ப்யூட்டர். முதல் இரண்டு வாரம், எனக்குத் தெரிந்த பாடமே ஓடியது. ஆனால், நான் போட்ட பில்களை எடுத்துப் போய்க் காட்டினேன். திரும்பி வந்த சரக்குக்கு கிரெடிட் நோட் போடாமல், பழைய பில்லையே நான் அழித்து வந்ததை ஆசிரியை கண்டுபிடித்தார். வீடியோ சொல்லித் தரும்; நம் தப்பைச் சுட்டிக்காட்டாது என்பது அப்போதுதான் புரிந்தது.

சகோதரிகளே... முதலில் வீட்டிலேயே ஒரு மாதம் பழகுங்கள். பிறகு வகுப்பில் சேர்ந்தால், கேள்வி கேட்கத் தெரியும். பணம் கட்டுமுன், ஒரு நாள் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு எத்தனை பேர் என்றும் விசாரியுங்கள். வகுப்புக்குப் போக வழியில்லாதவர்கள், கணக்கு தெரிந்த ஒருவரிடம் வாரம் ஒருமுறையாவது காட்டித் திருத்திக் கொள்ளுங்கள்.

இப்போது, ஒவ்வொரு மாதமும் 10ம் தேதி இரவு, 'கணக்கு முடிஞ்சுதா?' என்று என்னிடம்தான் கேட்கிறார் கணவர்.

- ஒரு வாசகி, ஈரோடு.